லாக்கில் எடுத்த குறும்படத்தை இலவச ரிசால்வில் கிரேடிங் செய்வது எப்படி? லட் போட்டதும் முகம் ஏன் பச்சையாகிறது?

கேள்வியின் சாரம் இது: 12 நிமிடக் கல்லூரிக் குறும்படம். பெரும்பகுதி சோனி ஏ7 மார்க் 3 கேமராவில் 4கே, எஸ்-லாக்3 (கிரேடிங்குக்கு இடம் விட்டு, வெளிறலாகப் பதியும் லாக் முறை). சில ஷாட்கள் மட்டும் ஃபோனில். எடிட் முடிந்துவிட்டது. கையில் இருப்பது கிரேடிங் (நிறத் திருத்தம்) செய்யும் மென்பொருளான டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பும் ஒரு லேப்டாப்பும். இணையத்தில் இறக்கிய சினிமாட்டிக் லட் ஒன்றைப் போட்டதும் முகங்கள் பச்சையடிக்கின்றன, இரவுக் காட்சி முழுக்க நாய்ஸ் (பொரிப்பொரியான புள்ளிகள்), ஃபோன் ஷாட்கள் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கின்றன, ரெண்டர் செய்த ஃபைல் வெளிறித் தெரிகிறது.

நான்கும் தனித்தனிக் கோளாறு போலத் தெரிந்தாலும் முதல் மூன்றையும் மோசமாக்கியது ஒன்றே: வேலையின் வரிசை தலைகீழாகிவிட்டது. லுக் (படம் முழுக்கக் கொடுக்கும் நிறச்சாயல்) கடைசியில் வரவேண்டியது, நீங்கள் அதிலிருந்து தொடங்கியிருக்கிறீர்கள்.

லட் என்பது வெறும் அட்டவணை. இந்த நிறம் உள்ளே வந்தால் அந்த நிறத்தை வெளியே அனுப்பு என்று 33×33×33, அதாவது 35,937 புள்ளிகளில் எழுதி வைத்திருக்கும். ஷாட் எந்த விளக்கில் எடுக்கப்பட்டது, எக்ஸ்போஷர் சரியா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. லாக் படத்தில் கான்ட்ராஸ்டும் நிறச்செறிவும் மிகக் குறைவு என்பதால் டியூப்லைட்டின் பச்சை அதில் கண்ணுக்குப் படாமல் ஒளிந்திருக்கும். லட் வந்து இரண்டையும் இழுத்து நீட்டும்போது அந்தப் பச்சையும் சேர்ந்து நீள்கிறது. ரெக்.709, அதாவது சாதாரண டிவி, இணைய வீடியோவின் நிறத்தரத்தில் உள்ள படத்துக்காகச் செய்த லட்டை லாக் மேல் போட்டிருந்தால் நிலைமை இன்னும் மோசம். அதனால் இப்போது போட்டிருக்கும் எல்லா லட்களையும் எடுத்துவிடுங்கள். அவற்றுக்கு வேலை உண்டு, கடைசியில்.

முதலில் தயாரிப்பு வேலை. எடிட்டை இதற்கு மேல் தொடமாட்டோம் என்று இயக்குநரிடம் உறுதி வாங்குங்கள். எடிட் அடோபி பிரீமியரில் நடந்திருந்தால் எக்ஸ்எம்எல் (எடிட்டின் வெட்டுப் பட்டியல்) எடுத்து ரிசால்வுக்குள் கொண்டுவந்து ஒரிஜினல் ஃபைல்களோடு இணைப்பதுதான் நல்லது. ஸ்பீடு ரேம்ப் (ஷாட்டுக்குள் வேகம் கூடிக் குறைவது) நிறைய இருந்தால் எக்ஸ்எம்எல் அவற்றைச் சரியாகக் கடத்தாது. அப்போது டிசால்வ், டைட்டில் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு முழுப் படத்தையும் லாக் நிலையிலேயே தரம் அதிகம் கெடாத டிஎன்எக்ஸ்எச்ஆர் எச்க்யூஎக்ஸ் ஃபைலாக எடுத்து, ரிசால்வின் சீன் கட் டிடெக்‌ஷனில் வெட்டிக்கொள்ளலாம். ஃபோன் ஃபைல்களில் ஃப்ரேம் ரேட் நிலையாக இருக்காது. அவற்றை முதலிலேயே ஷட்டர் என்கோடர் போன்ற இலவச மென்பொருளில் போட்டு, டைம்லைனின் ஃப்ரேம் ரேட்டுக்கு நிலைப்படுத்தி மாற்றிவிடுங்கள்.

டைம்லைனை 1920×1080-இல் வையுங்கள். உங்கள் கேமரா உள்ளே பதிவது 8-பிட் 4:2:0. அதில் வெளிச்சம் ஒவ்வொரு பிக்சலுக்கும் பதிவாகிறது, நிறம் நான்கு பிக்சலுக்கு ஒன்றுதான். 4கே படத்தைப் பாதி அகலத்துக்குச் சுருக்கும்போது ஒவ்வொரு பிக்சலுக்கும் தனி நிறத் தகவல் கிடைத்துவிடுகிறது, நாய்ஸும் குறைகிறது. ரிசால்வ் இந்தச் சுருக்கலை முடித்த பிறகே கிரேடிங்கைக் கணக்கிடுவதால், நிறத்தைத் தேர்ந்து பிடிக்கும் குவாலிஃபையரும் இதில் சுத்தமாக வேலை செய்யும்.

புராஜெக்ட் செட்டிங்ஸில் கலர் மேனேஜ்மென்ட் பக்கத்தில் கலர் சயன்ஸ் டாவின்சி ஒய்ஆர்ஜிபி என்றே இருக்கட்டும். டைம்லைன் கலர் ஸ்பேஸை மட்டும் டாவின்சி வைட் கேமட் / இன்டர்மீடியட் என்று மாற்றுங்கள். இதை விட்டுவிட்டால் கீழே சொல்லப்போகும் லீனியர் நோடு தப்பான கணக்குப் போடும்.

இனி நோடுகள், அதாவது திருத்தங்களை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கும் கட்டங்கள். ஆல்ட்+எஸ் அடித்தால் அடுத்தடுத்த நோடு வரும். எல்லா ஷாட்டுக்கும் இதே வரிசை: முதல் நோடு உள்வரும் நிறமாற்றம், இரண்டாவது எக்ஸ்போஷரும் ஒயிட் பேலன்ஸும், மூன்றாவது கான்ட்ராஸ்டும் நிறச்செறிவும், நான்காவது முகத்தை மட்டும் தனியே பிரிக்கும் விண்டோ, ஐந்தாவது லுக், ஆறாவது வெளிச்செல்லும் நிறமாற்றம்.

முதல் நோடில் கலர் ஸ்பேஸ் டிரான்ஸ்ஃபார்ம் எஃபெக்டை இழுத்துப் போடுங்கள், இது இலவசப் பதிப்பிலேயே உண்டு. கேமட் என்பது நிறங்களின் எல்லை, காமா என்பது வெளிச்ச வளைவு. இன்புட் கலர் ஸ்பேஸ் எஸ்-கேமட்3.சினே, இன்புட் காமா எஸ்-லாக்3. அவுட்புட் டாவின்சி வைட் கேமட், டாவின்சி இன்டர்மீடியட். டோன் மேப்பிங் (வெளிச்ச வீச்சைச் சுருக்குவது) நன் (None), அதாவது வேண்டாம். கேமராவில் பிக்சர் புரொஃபைல் 8 இருந்திருந்தால்தான் இந்த அமைப்பு பொருந்தும். பிபி7 என்றால் அது எஸ்-லாக்2, எஸ்-கேமட். பிபி9 என்றால் எஸ்-லாக்3 தான், ஆனால் கேமட் வேறு, எஸ்-கேமட்3. கேமராமேனிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். இங்கே தவறினால் சிவப்பும் பச்சையும் எல்லா ஷாட்டிலும் ஒரே மாதிரி பிசகி நிற்கும், அதை வீல்களில் துரத்திக்கொண்டே இருப்பீர்கள்.

ஆறாவது நோடிலும் அதே எஃபெக்ட். இன்புட் டாவின்சி வைட் கேமட் / இன்டர்மீடியட், அவுட்புட் ரெக்.709 / காமா 2.4, டோன் மேப்பிங் டாவின்சி. இந்த இரண்டையும் முதலில் போட்டுவிட்டு நடுவில் உள்ள நோடுகளில் வேலை செய்ய வேண்டும். திரையில் பார்ப்பது எப்போதும் முடிவான படமாக இருக்கும், கை வைப்பது விரிந்த நிறவெளியில் இருக்கும்.

இப்போது அந்தப் பச்சை முகம். இரண்டாவது நோடை ரைட் கிளிக் செய்து காமாவில் லீனியர் என்று தேர்ந்தெடுங்கள். பிரைமரி வீல்களின் கீழே லம் மிக்ஸ் 100 என்று இருக்கும், அதை 0 ஆக்குங்கள். 100-இல் இருந்தால் ஒரு சேனலைக் குறைக்கும்போது மொத்த வெளிச்சத்தைக் காப்பாற்ற ரிசால்வ் மற்ற இரண்டையும் நகர்த்திவிடும், எதை மாற்றினோம் என்றே புரியாது. பிறகு கெயினை மட்டும் தொடுங்கள். லீனியரில் கெயின் 2.00 என்பது சரியாக ஒரு ஸ்டாப் (இரு மடங்கு வெளிச்சம்) கூடுதல், 0.50 என்பது ஒரு ஸ்டாப் குறைவு. மாஸ்டர் வீலால் எக்ஸ்போஷரைச் சரி செய்துவிட்டு, சிவப்பு, பச்சை, நீல அளவுகளைத் தனித்தனியே காட்டும் ஆர்ஜிபி பரேடைப் பார்த்துக்கொண்டே கெயினின் பச்சை எண்ணை மட்டும் இறக்குங்கள். டியூப்லைட் அறையில் அது 0.95-க்கும் 0.90-க்கும் இடையே எங்கோ சமநிலைக்கு வரும். விளக்கின் நிறம் மாறினால் ஒளியே இப்படித்தான் மாறும் என்பதால், நிழலிலும் வெளிச்சத்திலும் பச்சை ஒரே அளவில் விலகும். நிழலை நகர்த்தும் லிஃப்டையும் நடு வெளிச்சத்தை நகர்த்தும் காமாவையும் தனித்தனியாகத் திருகினால் ஹைலைட் சரியாகி நிழல் மெஜந்தா ஆகிவிடும், மாணவர் படங்களில் அடிக்கடி பார்க்கும் பிழை இது.

பேலன்ஸ் செய்ய ஃப்ரேமில் எதை நடுநிலையாக எடுத்துக்கொள்வது என்பதில் கவனம் வேண்டும். வெள்ளை வேட்டி நம்பத்தக்கதல்ல. சொட்டு நீலம் போட்டுத் துவைத்தது நீலச்சாய்வு காட்டும், அதைச் சமன் செய்யப்போனால் படம் முழுக்க மஞ்சளாகும். சுண்ணாம்பு அடித்த சுவரும் பக்கத்துப் பச்சைச் சுவரின் நிறத்தைக் கொஞ்சம் வாங்கியிருக்கும். சிமென்ட் தரை, தார்ச்சாலை, சாம்பல் நிற மின்கம்பம் போன்றவை பரவாயில்லை. அடுத்த ஷூட்டில் ஒவ்வொரு விளக்கமைப்புக்கும் கிரே கார்டை ஐந்து நொடி பிடித்து ரெக்கார்டு செய்தால் இந்த ஊகமே தேவைப்படாது.

ஜன்னலில் பகல் வெளிச்சமும் உள்ளே மஞ்சள் பல்பும் சேர்ந்திருக்கும் ஷாட்டில் இரண்டையும் ஒரே நோடில் வெள்ளையாக்க முடியாது. முகத்தில் எது விழுகிறதோ அதற்குச் சமன் செய்துவிட்டு மற்றதை அதன் நிறத்திலேயே விடுங்கள். பின்னணி பல்பு மஞ்சளாக எரிவதைப் பார்ப்பவர்கள் இயல்பாகவே எடுத்துக்கொள்வார்கள்.

மூன்றாவது நோடில் கான்ட்ராஸ்ட். எந்த வெளிச்சத்தை மையமாக வைத்து கான்ட்ராஸ்ட் விரிகிறதோ அதுதான் பிவட், அதன் தொடக்க மதிப்பு 0.435. ஆனால் டாவின்சி இன்டர்மீடியட்டில் 18 சதவீத மிடில் கிரே நிற்கும் இடம் 0.336. பிவட்டை அங்கே மாற்றாமல் கான்ட்ராஸ்டை ஏற்றினால் ஒவ்வொரு முறையும் படம் இருண்டுகொண்டே போகும், அதைச் சரிக்கட்ட எக்ஸ்போஷரை ஏற்ற, சுழலில் மாட்டிக்கொள்வீர்கள். பிவட் 0.336, கான்ட்ராஸ்ட் 1.10 முதல் 1.25 வரை, நிறச்செறிவு 50-லிருந்து 55 அல்லது 60. பெரும்பாலான ஷாட்களுக்கு இவ்வளவே போதும்.

முகத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், படம் நிற்பதும் விழுவதும் அங்கேதான். நிறச்சாயலையும் செறிவையும் காட்டும் வெக்டர்ஸ்கோப்பில் ஸ்கின் டோன் இண்டிகேட்டரை ஆன் செய்யுங்கள். மஞ்சளுக்கும் சிவப்புக்கும் நடுவே ஒரு கோடு வரும். மாநிறமோ கறுப்போ சிவப்போ, மனிதத் தோலின் சாயல் அந்தக் கோட்டை ஒட்டியே விழும், காரணம் தோலுக்கடியில் ஓடும் ரத்தமும் மெலனினும் எல்லாருக்கும் ஒன்றுதான். ஆளுக்கு ஆள் மாறுவது பெரும்பாலும் வெளிச்ச அளவும் செறிவும். ஆகவே சாயலுக்குக் கோடு வழிகாட்டும், வெளிச்சத்துக்கு வழிகாட்டாது. வெளிநாட்டு வீடியோக்களில் முகம், வெளிச்ச அளவைக் காட்டும் வேவ்ஃபார்மில் 60 முதல் 70 சதவீதத்தில் இருக்கவேண்டும் என்று சொல்வார்கள், அது வெளுத்த தோலுக்கான கணக்கு. கருந்தோல் கொண்ட நடிகரை அந்த உயரத்துக்கு இழுத்தால் முகம் சாம்பல் பூசியதுபோல உயிரற்றுப் போகும், பின்னணி வெந்துவிடும், அதாவது விவரமிழந்து வெளுத்துவிடும். 1023 வரையுள்ள அளவுகோலில் முகத்தின் பெரும்பகுதி 300 முதல் 480 வரை இருக்கட்டும். நெற்றியிலும் கன்ன எலும்பிலும் மூக்குத் தண்டிலும் விழும் மினுமினுப்பு 600, 700 வரை தாராளமாகப் போகலாம். கருந்தோலின் அழகு அந்த மினுமினுப்புக்கும் சுற்றியுள்ள ஆழத்துக்கும் உள்ள இடைவெளியில் இருக்கிறது. மிட்டோனைத் தூக்கி அந்த இடைவெளியை மூடுவதுதான் நம் ஊரில் பல ஆண்டுகளாக நடக்கும் தவறு. நடிகரை வெளுப்பாக்கிக் காட்டுவது கலரிஸ்டின் வேலையே அல்ல.

ஷாட்டில் முகம் உண்மையிலேயே இருட்டில் விழுந்திருந்தால் நான்காவது நோடில் நீள்வட்ட விண்டோ போட்டு, ஓரத்தை நன்றாக மென்மையாக்கி, டிராக் செய்து, கால் ஸ்டாப் அல்லது அரை ஸ்டாப் ஏற்றுங்கள். அதற்கு மேல் போனால் முகத்தைச் சுற்றி ஒளிவட்டம் தெரியும். குவாலிஃபையரால் தோலைத் தேர்ந்தெடுக்கும் ஆசையைத் தள்ளிவையுங்கள். 8-பிட் படத்தில் தேர்வின் ஓரம் கட்டம் கட்டமாக உடையும், செங்கல் சுவரும் மரக்கதவும் சேர்ந்தே மாட்டும். கட்டாயம் வேண்டுமென்றால் விண்டோவுக்குள் மட்டும் பயன்படுத்தி, பிளர் ரேடியஸைக் கொஞ்சம் ஏற்றி, கிளீன் பிளாக், கிளீன் ஒயிட் இரண்டாலும் துளைகளை மூடுங்கள்.

எந்த வரிசையில் ஷாட்களைத் தொடுவது? காட்சிக்கு ஒரு ஷாட்டைத் தலைமையாகத் தேர்ந்தெடுங்கள். முகம் தெளிவாக இருக்கும் மிட் ஷாட் உத்தமம். அதை முடித்து ஸ்டில் எடுத்து வைத்து, மற்ற ஷாட்களை வைப்பில் (திரையை இரண்டாகப் பிரித்துக் காட்டும் வசதி) பக்கத்தில் நிறுத்தி ஒப்பிடுங்கள். ஒரே விளக்கமைப்பில் எடுத்த அடுத்த ஷாட்டுக்கு = விசையை அழுத்தினால் முந்தைய ஷாட்டின் கிரேடு வந்துவிடும், பிறகு இரண்டாவது நோடில் மட்டும் கை வைத்தால் போதும். பரேடில் மூன்று சேனல்களின் அடியும் தலையும் இரு ஷாட்களிலும் ஏறக்குறைய ஒத்துப்போக வேண்டும். ஆனால் கடைசித் தீர்ப்பு கண்ணுக்கே. கட்டின் மேல் மூன்று நொடியை ஓடவிட்டுப் பாருங்கள், ஃப்ரேமை நிறுத்திப் பார்த்தால் பிடிபடாத தாவல் ஓடும்போது பிடிபடும். படம் முழுக்க இந்த ஒத்திசைவு முடியும்வரை ஐந்தாவது நோடு காலியாகவே இருக்கட்டும்.

ஃபோன் ஷாட்களுக்கு முதல் நோடின் இன்புட் மட்டும் மாறும்: ரெக்.709, காமா 2.4. ஃபோனில் எச்டிஆர் ஆன் ஆகியிருந்தால் படம் கன்னாபின்னாவென்று வெளிறித் தெரியும். ஃபைல் எச்எல்ஜி என்ற எச்டிஆர் வகையா என்று பார்த்து, ஆமென்றால் இன்புட்டை ரெக்.2020, ரெக்.2100 எச்எல்ஜி என்று கொடுங்கள். இப்படி எல்லாக் கேமராவையும் ஒரே நிறவெளிக்குள் கொண்டுவந்த பிறகும் ஃபோன் ஷாட் துருத்தும், ஏனென்றால் அதன் கூர்மையும் கான்ட்ராஸ்டும் ஏற்கெனவே படத்துக்குள் எழுதப்பட்டுவிட்டன. கான்ட்ராஸ்டை 0.85 அருகே இறக்குங்கள், மிட்டோன் டீடெயிலை மைனஸ் 20 முதல் மைனஸ் 40 வரை குறையுங்கள், இலைப்பச்சையும் வானநீலமும் கத்தினால் ஹியூ வெர்சஸ் சாட் கர்வில் அந்த இரண்டை மட்டும் அடக்குங்கள். வெள்ளை சற்று மங்கியிருந்தால் கெயினில் ஏற்றிக்கொள்ளலாம். வெந்துபோன வானத்தை மட்டும் மீட்க முடியாது. அந்த ஷாட் கட்டாயம் தேவையா என்று எடிட்டரிடம் கேட்பதே நேரான வழி.

இரவுக் காட்சியின் நாய்ஸுக்கு வேர் ஷூட்டிங்கில் இருக்கிறது. எஸ்-லாக்3-இல் ஒரு ஸ்டாப்புக்கு 10-பிட்டில் சுமார் 78 படிகள் உண்டு, 8-பிட்டில் அதுவே இருபதுக்கும் குறைவு. நிழலின் அடியில் இன்னும் சொற்பம். அங்கிருந்து இரண்டு ஸ்டாப் ஏற்றினால் நாய்ஸும் பட்டை பட்டையான நிறப்படிகளும்தான் மேலே வரும். ஆகவே ஏற்றாதீர்கள். இரவு இருட்டாகவே இருக்கட்டும்: விளக்கு விழும் முகம், தெருவிளக்கின் வட்டம், இவற்றை மட்டும் தெரியவிட்டு மற்றதைக் கறுப்பில் மூழ்கவிடுங்கள். நாய்ஸின் பெரும்பகுதி அந்தக் கறுப்போடு போய்விடும்.

மீதியுள்ள வண்ணப் புள்ளிகளுக்கு, ரிசால்வின் நாய்ஸ் ரிடக்‌ஷன் கட்டணப் பதிப்பில்தான் உண்டு என்பதால், ஒரு மாற்றுவழி: முதல் நோடுக்கு முன்னால் புது நோடு போட்டு, ரைட் கிளிக்கில் கலர் ஸ்பேஸை, வெளிச்சத்தையும் நிறத்தையும் பிரித்து வைக்கும் ஒய்யூவி ஆக்கி, சேனல்ஸில் முதலாவதை (வெளிச்சம்) மட்டும் அணைத்துவிடுங்கள். இப்போது பிளர் பேலட்டில் ரேடியஸை 0.50-லிருந்து 0.55 அல்லது 0.60 ஆக்கினால் வெளிச்சத்தின் கூர்மை அப்படியே இருக்க, நிறம் மட்டும் கலங்கும். சிவப்பு நீலப் புள்ளிகள் கரைந்து, ஃபிலிம் கிரெயின் போன்ற கறுப்பு-வெள்ளைப் புள்ளி மட்டும் மிஞ்சும். அது கண்ணை உறுத்தாது. உதட்டுச் சிவப்பு வெளியே வழிந்தால் ரேடியஸ் அதிகம் என்று பொருள்.

சோடியம் தெருவிளக்கில் எடுத்த ஷாட்களில் தோலை இயல்பாக்கப் போராட வேண்டாம். அந்த விளக்கின் ஒளி மஞ்சள்-ஆரஞ்சைச் சுற்றிய குறுகிய பட்டையில்தான் இருக்கிறது, நீலத் தகவல் மிகச் சொற்பமாகத்தான் பதிவாகியிருக்கும். செறிவைக் கொஞ்சம் குறைத்து அந்த ஆரஞ்சையே காட்சியின் நிறமாக ஏற்றுக்கொள்ளுங்கள். டியூப்லைட் காட்சியில் பட்டை ஓடினால் அது 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கும் ஷட்டருக்கும் பொருந்தாத சிக்கல், 1/50 அல்லது 1/100 வைத்திருக்க வேண்டும். கிரேடிங்கில் அதற்கு நல்ல மருந்து இலவசப் பதிப்பில் இல்லை.

எல்லா ஷாட்டும் ஒத்துப்போன பிறகுதான் லுக். இணைய லட்களைத் தேடுவதைவிட ரிசால்வோடு வரும் ஃபிலிம் லுக்ஸ் ஃபோல்டரைத் திறங்கள். கோடாக் 2383, ஃபுஜிஃபிலிம் 3513 ஆகிய பிரின்ட் ஃபிலிம்களைப் போலச் செய்த லட்கள் டி55, டி60, டி65 என்று இருக்கின்றன. அவை எதிர்பார்ப்பது ஃபிலிம் ஸ்கேனுக்கான சினியான் லாக். ஆகவே ஆறாவது நோடின் அவுட்புட்டை ரெக்.709 / சினியான் ஃபிலிம் லாக் என்று மாற்றி, டோன் மேப்பிங்கை நன் ஆக்கி, லட்டை ஐந்தாவதில் அல்லாமல் ஆறாவதுக்கு அடுத்த புது நோடில் போடுங்கள். டி65 நடுநிலை, டி60 சற்று வெதுவெதுப்பு. இந்த லட்களே கான்ட்ராஸ்டைக் கணிசமாகக் கூட்டும் என்பதால் மூன்றாவது நோடில் ஏற்றியதை 1.00 பக்கம் இறக்கிவிடுங்கள்.

ஏற்கெனவே இறக்கிய லட் மீது ஆசை விடவில்லை என்றால் அது எதற்காகச் செய்யப்பட்டது என்று பாருங்கள். ரெக்.709-க்கு என்றால் வெளிச்செல்லும் நிறமாற்றத்துக்குப் பின்னால் தனி நோடில் போட்டு, கீ பேலட்டில் கீ அவுட்புட்டின் கெயினை 0.40 அருகே வையுங்கள், லட்டின் தாக்கம் அந்த அளவுக்குக் குறையும். முகம் இன்னும் கோட்டில் நிற்கிறதா என்று ஒவ்வொரு காட்சியிலும் சோதியுங்கள். லுக்கை எல்லா ஷாட்டிலும் தனித்தனியாக ஒட்டாமல் ஷேர்டு நோடாக மாற்றி வைத்தால் ஒரு இடத்தில் திருத்தினால் படம் முழுக்க மாறும்.

லேப்டாப் திரையில் நைட் லைட், தானியங்கி வெளிச்சம் இரண்டையும் அணையுங்கள். அறையில் 6500 கெல்வின் வெள்ளை விளக்கு ஒன்று, திரைக்குப் பின்னால் மங்கலாக. அரை மணிக்கு ஒரு முறை எழுந்து வெளியே போய்விட்டு வாருங்கள், கண் எந்த நிறச்சாய்வுக்கும் சில நிமிடத்தில் பழகிவிடும்.

ரெண்டரில் வெளிறுவது இரண்டு காரணத்தால் வரும். டேட்டா லெவல்ஸ் (கறுப்பு, வெள்ளையின் எண் எல்லை) பொருந்தாமல் மாறியிருந்தால் பிளேயர் தப்பாக வாசிக்கும், ஆட்டோவிலேயே வையுங்கள். மேக் என்றால் குயிக்டைம் பிளேயர் காமாவை வேறுவிதமாகக் காட்டும். டெலிவர் பக்கத்தின் அட்வான்ஸ்டு பகுதியில் காமா டேக்கை ரெக்.709-ஏ என்று கொடுத்தால் மேக்கில் பார்ப்பதும் ரிசால்வில் பார்ப்பதும் நெருங்கும். மாஸ்டரை டிஎன்எக்ஸ்எச்ஆர் எச்க்யூஎக்ஸ்-இல் எடுத்து வைத்துக்கொண்டு, அதிலிருந்து யூடியூபுக்கு எச்.264 எடுங்கள். 1080-க்கு யூடியூப் சொல்வது 8 மெகாபிட், அது மறுபடி சுருக்கும் என்பதால் 20 கொடுங்கள். விழாக்கள் டிசிபி (தியேட்டரில் ஓட்டும் ஃபைல் தொகுப்பு) கேட்டால் டிசிபி-ஓ-மேட்டிக் என்ற இலவச மென்பொருள் மாஸ்டரிலிருந்து செய்து தரும், ரெக்.709-லிருந்து தியேட்டர் நிறவெளிக்கு மாற்றுவதையும் அதுவே பார்த்துக்கொள்ளும்.

கல்லூரி அரங்கில் திரையிடுவதாக இருந்தால் முந்தின நாளே படத்தின் மிக இருண்ட ஷாட்கள் ஐந்தாறை மட்டும் ஒரு நிமிட ஃபைலாக எடுத்துப் போய் அங்குள்ள புரொஜெக்டரில், விளக்குகளை அணைத்துப் போட்டுப் பாருங்கள். செமினார் ஹால் புரொஜெக்டர்கள் கறுப்பைச் சாம்பலாக்கிவிடும், இரவுக் காட்சியில் நடிகரே தெரியாமல் போகலாம். அப்படியானால் ஷாட் ஷாட்டாகத் திருத்த வேண்டாம். நோடு பகுதியில் கிளிப் என்றிருப்பதை டைம்லைன் என்று மாற்றி, அங்கே ஒரே ஒரு நோடில் காமாவைக் கொஞ்சம் ஏற்றி, அரங்குக்கென்று தனி ஃபைல் எடுங்கள். இணையத்துக்கு எடுக்கும்போது அந்த நோடைக் கன்ட்ரோல்+டி அடித்து அணைத்துவிடலாம்.